வழிப்போக்கனின் நோய் யார் பொறுப்பு?

ஒரு மனிதன் எந்த ஊரில் பிறந்தவன் என்று விசாரித்துக்கொண்டு நோய் வருவதில்லை. ஆயின், அவன் எந்த ஊரில் பிறந்தவன் என்று விசாரித்த பிறகுதான் பல வேளைகளில் மருந்து அவனை வந்து சேருகின்றது. நோயின் வழியும் மருந்தின் வழியும் இவ்வாறு வேறுபட்டு நிற்பது அறமாகுமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

வினா பழையது. எனினும், செங்கற்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு அது இன்று வீட்டு வாசலில் வந்து நிற்கும் வினாவாகிவிட்டது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்நிலம், ஒருபுறம் தாம்பரம், மறைமலைநகர் எனத் தொழிற்கூடங்களாலும், மற்றொருபுறம் கேளம்பாக்கம், சிறுசேரி என அடுக்குமாடிக் கட்டடங்களாலும், கடலோரத்தில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என விடுதிகளாலும் பணித்தலங்களாலும் நிறைந்து கிடக்கின்றது. இவற்றை எழுப்பியோருள், இன்றும் எழுப்பிக்கொண்டிருப்போருள், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் பலர். அவர்கள் கட்டிய மாடியில் நாம் குடியேறுகிறோம். அவர்கள் கழுவி வைத்த தட்டில் நாம் உண்கிறோம். அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும், "வெளியூர்ப் பிள்ளை, நமக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

கடமை உண்டு, எண்ணிக்கையில் இல்லை

மார்க்கச் சட்ட நூல்களை ஓதியோர் நன்கறிந்த ஒரு பாகுபாட்டை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஓரூரில் நான்கு நாள் தங்க நாடியவன், பயணிக்குரிய தொழுகைச் சலுகைகளை விட்டு, 'முகீம்' என்னும் தங்கியிருப்பவனாகி விடுகின்றான். ஹனஃபீ மத்ஹபில் அதற்குப் பதினைந்து நாள். ஆயினும் தங்கியிருப்போர் அனைவரும் ஒரு நிலையினர் அல்லர். அவ்வூரையே நிலையான தாயகமாகக் கொண்டவன் 'முஸ்தவ்தின்'. தொழிலுக்காகவோ கல்விக்காகவோ தங்கி, என்றேனும் ஒருநாள் சொந்த ஊர் திரும்பும் எண்ணமுடையவன் வெறும் முகீம் மட்டுமே. ஜும்ஆத் தொழுகை இவன்மீதும் கடமைதான். ஆனால், ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆ நிறைவேறுவதற்கு வேண்டிய நாற்பதின்மருள் ஒருவனாக இவன் எண்ணப்பட மாட்டான்.

இஃது ஒரு வணக்கத்தின் அமைப்பைப் பற்றிய விதி. அதன் எல்லை பள்ளிவாசலோடு முடிந்துவிடுகின்றது. அதற்குரிய காரணங்களும் அவ்வணக்கத்தின் அமைப்பிற்குள்ளேயே உள்ளன. நம் சமுதாயமோ, எந்த நூலையும் ஓதாமலே, இதே பாகுபாட்டை மருத்துவமனை வாயில்வரை கொண்டு சென்றுவிட்டது. வடபுலத்து இளைஞன்மீது உழைப்பு கடமை. அவன் வாங்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் செருப்புக்கும் வரி கடமை. ஆனால், ஓர் ஊருக்கு எத்தனை படுக்கைகள் வேண்டும், எத்தனை மருத்துவர்கள் வேண்டும் என்று கணக்கிடும் வேளையில் அவன் எண்ணிக்கையில் இல்லை. வாக்காளர் பட்டியலில் இல்லாதவனுக்காக வாதாட எவரும் இல்லை.

அவனைத் 'தங்கியவன்' என்று சொல்லி வழிப்போக்கனுக்குரிய இரக்கத்தை மறுக்கிறோம். 'திரும்பிப் போகிறவன்' என்று சொல்லி அண்டை வீட்டானுக்குரிய உரிமையையும் மறுக்கிறோம். இரண்டு பெயரும் இல்லாத ஓர் இடைவெளியில் அவனை நிறுத்திவிடுகிறோம். திருமறையோ அத்தகைய இடைவெளியை எங்கும் விட்டுவைக்கவில்லை. நன்மை செய்யப்பட வேண்டியோரை நான்காம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்தும்போது, உறவான அண்டை வீட்டாரோடு அன்னியரான அண்டை வீட்டாரையும், உடனிருக்கும் தோழரையும், வழிப்போக்கரையும் சேர்த்தே அது எண்ணுகின்றது. இவ்வரிசைக்குள் அடங்காமல் வெளியே நிற்கக்கூடிய மனிதன் எவன்? தங்கினால் அண்டை வீட்டான், நடந்தால் வழிப்போக்கன். மூன்றாவது நிலை ஒன்று இல்லை.

இன்னும் ஒன்று. ஜகாத் பெறுவதற்குரிய எண்வகையினருள் இறுதியாகச் சொல்லப்படுபவர் 'இப்னுஸ் ஸபீல்'. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'வழியின் மகன்'. அவன் தன் ஊரில் செல்வனாகவே இருந்தாலும், வழியில் கைப்பொருளின்றித் தவிக்கும்போது அவனுக்கு உரிமை உண்டு என்பது சட்ட மேதைகளின் தெளிவான கருத்து. ஆழ்ந்து நோக்கினால் இதில் ஒரு பெரிய தத்துவம் ஒளிந்திருக்கக் காணலாம். அவனுக்கு உரிமை பிறப்பது அவன் யார் என்பதனால் அன்று. அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதனால்தான். தன் வீட்டையும் உறவையும் மொழியையும் விட்டுப் பிரிந்து நிற்பதே ஒரு வறுமை என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கின்றது.

இம்மண் முன்பு செய்தது

அன்னியரின் நோயைத் தாங்குவது செங்கற்பட்டு மண்ணுக்குப் புதியதன்று. தொழுநோயாளரைக் கண்டாலே ஊரார் கதவடைத்த காலத்தில், 1924ஆம் ஆண்டு, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் இல்லம் ஒன்று தோன்றியது. 1955இல் மத்திய அரசு அதனை ஏற்று, தொழுநோய்க் கல்வி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. தாம்பரத்திலோ, 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்கென ஒரு சானடோரியத்தை நிறுவினார். அவ்வூரின் ஒரு பகுதிக்கும் ரயில் நிலையத்திற்கும் இன்றுவரை 'சானடோரியம்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. எய்ட்ஸ் நோயின் பெயரைச் சொல்லவே உலகம் அஞ்சிய நாட்களில், அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளர் வந்து சேர்ந்த இடம் இதுவே. திருமணியிலும் தாம்பரத்திலும் வந்து படுத்தோரில் பலர் இம்மாவட்டத்தார் அல்லர். பிற ஊர்கள் தள்ளியவர்களுக்கு இம்மண் பாய் விரித்தது.

சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், 1959இல் உலகமே வியக்கும் ஓர் உண்மையை வெளியிட்டது. சானடோரியத்தில் கிடந்து மருந்துண்டவருக்கும் வீட்டிலிருந்தே மருந்துண்டவருக்கும் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும், வீட்டில் இருப்பதனால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவிவிடுவதில்லை என்பதும் அதன் முடிவுகள். ஏழை நாடுகள் அனைத்திற்கும் இம்முடிவு ஒரு வரப்பிரசாதமாயிற்று. மாளிகை போன்ற சானடோரியங்கள் இல்லாமலே மக்களைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால், வீட்டிலேயே மருத்துவம் என்பதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும். ஒரே தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் படுத்துறங்கி, ஒரு கட்டடம் முடிந்ததும் கொட்டகையோடு பெயர்ந்து வேறொரு தலத்திற்குச் செல்லும் மனிதனுக்கு எது வீடு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மக்ரிபுக்குப் பின் ஜார்க்கண்ட் மாநிலத்து இளைஞர் ஒருவரை என்னிடம் அழைத்து வந்தனர். எனக்கு உருது பேச வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அவர் வேறொரு மாவட்டத்தில் வேலை செய்தபோது காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கியிருக்கிறார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. அந்த நேரத்தில் மேஸ்திரி அவரைக் கடற்கரையோர வேலைத் தலம் ஒன்றுக்கு மாற்றினார். மருந்து அங்கேயே நின்றுவிட்டது. பின்னர் இருமலில் இரத்தம் கண்டது. மருத்துவமனைக்கு அவருடன் சென்றேன். பழைய சீட்டுகளைக் கேட்டார்கள். அவை பிரிக்கப்பட்ட கொட்டகையோடு போய்விட்டன.

அங்கே எவரும் கொடுமை செய்யவில்லை என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஓ.பி. சீட்டு எழுதியவர் முறைப்படியே கேட்டார். மருத்துவர் முறைப்படியே கேட்டார். மேஸ்திரியும் தம் தொழில் முறைப்படியே ஆளை மாற்றினார். எல்லாரும் தத்தம் முறையில் வழுவாதிருந்தும் ஓர் இளைஞர் சாவின் விளிம்புவரை சென்றுவிட்டார். மருந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. ஆறு மாதத்திற்குக் குறையாத மருத்துவ காலத்தில் அவர் எங்கே தங்குவது, என்ன உண்பது என்ற கேள்விக்கு மட்டும் எவரிடமும் சீட்டு இல்லை. தீமை என்பது எப்போதும் தீயவர் செய்வதன்று. பொறுப்பு துண்டு துண்டாகப் பிரிந்து, முழு மனிதன் எவர் பங்கிலும் சேராமல் போகும்போதும் தீமை பிறக்கின்றது.

காசநோயாளருக்கென 2012 முதல் 'நிக்ஷய்' என்ற நாடு தழுவிய பதிவேடு உண்டு. ஒரு மாநிலத்தில் தொடங்கிய மருந்தை இன்னொரு மாநிலத்தில் தொடர அதில் வழி இருக்கின்றது. அவ்வழி இருப்பதை அவ்விளைஞரின் மொழியில் அவருக்குச் சொன்னவர் எவரும் இல்லை.

இரண்டு நல்ல வாதங்கள்

வெளிமாநிலத்தவருக்கு மருத்துவம் தருவதை ஆதரிப்போர் வழக்கமாக இரண்டு வாதங்களை முன்வைப்பர். இரண்டும் உண்மையே. ஆயினும் இரண்டையும் உரசிப் பார்த்தல் நன்று.

முதல் வாதம்: 'அவனுக்கு நோய் இருந்தால் நமக்கும் பரவும். ஆகவே அவனைக் குணப்படுத்துவோம்.' கொரோனா காலம் இதனை உலகுக்குக் காட்டிற்று. 2020ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்து வந்தனர். அவ்வாண்டின் இறுதிக்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தொற்று தீண்டியிருந்தது என்பது அந்நாட்டு அரசே அறிவித்த செய்தி. ஊரின் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்ந்தவர்களை நோய் ஊரறியச் செய்துவிட்டது. ஆனால், இந்த வாதத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் என்ன ஆகும்? பரவும் நோய்க்கு மருந்து கிடைக்கும். முதுகெலும்பு முறிந்தவனுக்கும், சிறுநீரகம் செயலிழந்தவனுக்கும், இதயம் நலிந்தவனுக்கும் கிடைக்காது. அவர்களால் நமக்கு ஆபத்தில்லையே! மேலும், மனிதனை ஓர் ஆபத்தாகப் பார்க்கப் பழகிய கண், மருந்து கொடுப்பதைவிட அவனை ஊருக்கு வெளியே துரத்துவது எளிது என்றும் ஒருநாள் கண்டுகொள்ளும்.

இரண்டாம் வாதம்: 'அவன் உழைக்கிறான், நமக்குச் செல்வம் சேர்க்கிறான். ஆகவே அவனுக்கு உரிமை உண்டு.' இது முதலதைவிட உயர்ந்த வாதம். கூலிக்கு உரியவனைக் கூலியில்லாமல் அனுப்புவது பாவம் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டறிந்த போதனை. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. உழைப்பே உரிமையின் ஊற்று என்றால், நோயுற்று உழைக்க முடியாமற் போன அன்றே அவன் உரிமை வற்றிவிடும். மருத்துவம் எப்போது தேவையோ அப்போதே அது இல்லாமற் போகும். சித்தாள் வேலை செய்யும் தாயோடு மணற்குவியலில் விளையாடும் குழந்தை எவருக்கு என்ன உழைத்துக் கொடுத்தது? 2012ஆம் ஆண்டளவில் வந்து கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்க வைக்கப்பட்ட ரோஹிங்கியா குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நம் நாடு கையொப்பமிடவில்லை. நாடே இல்லாத அக்குடும்பங்களில் ஒரு முதியவள் மூச்சு வாங்கி நின்றால், அவள் எதைக் காட்டி மருந்து கேட்பாள்?

ஆகவே, அச்சமும் நன்றியும் துணைக் காரணங்களாக இருக்கலாம், அடித்தளமாக இருக்க இயலாது. அடித்தளம் ஒன்றே. அவன் நோயுற்றிருக்கிறான், நம்மிடம் மருந்து இருக்கிறது. தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் மொண்டு கொடுத்த ஒருவர் மன்னிக்கப்பட்டார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அந்த நாயால் அவருக்கு ஆபத்தும் இல்லை, ஆதாயமும் இல்லை. தாகம் ஒன்றே அதன் தகுதியாக இருந்தது.

"நம் ஏழைகளே வரிசையில் நிற்கிறார்களே!"

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதனை இகழ்ந்து தள்ளுதல் முறையன்று. "நம் ஊர்த் தாய்மார்களே விடியற்காலையில் வந்து நண்பகல்வரை வரிசையில் நிற்கின்றனர். உறவுக்குப் பிறகுதானே ஊர், ஊருக்குப் பிறகுதானே உலகம்? மார்க்கமும் நெருங்கியவருக்குத்தானே முதலிடம் தருகிறது?" என்று கேட்பர்.

உண்மைதான். தனிமனிதன் தன் கைப்பொருளை ஈயும்போது நெருக்கத்திற்கு முதலிடம் உண்டு. ஜகாத்தைக்கூட அது திரண்ட ஊரைவிட்டு வேறூருக்கு அனுப்பலாகாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. அவ்வூர் ஏழைகளின் கண்கள் அப்பொருளை நோக்கியிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால், நம் ஊர்க் கட்டடத்தின் சாரத்தில் நிற்கும் ஏழையின் கண்கள் எவ்வூர்ப் பொருளை நோக்கியிருக்கும்? அவன் இன்று எந்த ஊரில் பசித்திருக்கிறானோ அந்த ஊரை அல்லவா?

மேலும், ஒருவர் வீட்டு விருந்து வேறு, பொதுக் கிணறு வேறு. விருந்துக்கு யாரை அழைப்பதென்று வீட்டுக்காரர் முடிவு செய்யலாம். பொதுக் கிணற்றங்கரையில் நின்றுகொண்டு, "நீ எந்தத் தெரு?" என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அரசினர் மருத்துவமனை பொதுக் கிணறு. அங்கே முன்னுரிமை தருவதற்கு ஓர் அளவுகோல்தான் உண்டு. யாருடைய உயிர் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது என்பதே அது. கிணற்றில் நீர் போதாதென்றால் ஆழப்படுத்தக் கேட்க வேண்டும், பக்கத்தில் நிற்பவனின் குடத்தைத் தட்டிவிடுதல் நீர் பெருக்கும் வழியாகாது.

சட்டம் வந்த தூரம்

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியில் சிறிது தூரம் நடந்திருக்கின்றது. 1992ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்றார். கல்கத்தாவிலும் சுற்றிலுமுள்ள அரசு மருத்துவமனைகள் பல, இடமில்லை என்றும் வசதியில்லை என்றும் அவரைத் திருப்பியனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் பணம் செலுத்திப் பிழைத்தார். அவருக்காக ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம், தக்க நேரத்தில் அவசர மருத்துவம் தராதது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. அப்பிரிவு 'குடிமகன்' என்று கூறாமல் 'எவரும்' என்ற பொருளில் அமைந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென 1979ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஒப்பந்தக்காரர் தங்குமிடமும் இலவச மருத்துவ வசதியும் தர வேண்டும் என்றது. பின்னர் அது 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பினுள் அடங்கியது. 1979இல் எழுதப்பட்டதை மேஸ்திரிகள் எத்தனை பேர் படித்திருந்தனர் என்பது வேறு.

நம் மாநிலத்தின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்வோரை வருமான வரம்பின்றிச் சேர்த்துக்கொள்கின்றது. ஆறு மாதத்திற்கு மேல் இங்கே தங்கியிருப்பதாகத் தொழிலாளர் துறையின் சான்று பெற்ற வெளிமாநிலத்தவருக்கும் அதில் இடமுண்டு. இது நன்றியோடு பாராட்டத்தக்கது. ஆயினும், மூன்று மாதத்திற்கொரு தலம் மாறும் கொத்தனாருக்கு ஆறு மாதச் சான்று எங்கிருந்து கிடைக்கும்? நோய் ஆறு மாதம் காத்திருக்குமா?

இதற்கு விடையும் இம்மாவட்டத்திலேயே கிடைக்கின்றது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், மேல்மருவத்தூரில், 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர் தமிழகத்தாராயினும், வெளிமாநிலத்தாராயினும், வெளிநாட்டாராயினும், முதல் 48 மணி நேர மருத்துவத்தை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். 48 மணி நேரத்திற்கு அந்த மனிதன் வெறும் மனிதனாகவே மதிக்கப்படுகிறான். சாலையில் விழுந்தவனிடம் ஊர் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்ய முடிந்த நமக்கு, சாரத்திலிருந்து விழுந்தவனிடமும், கொட்டகைக்குள் காய்ச்சலில் விழுந்தவனிடமும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்ய இயலாதா? விழுந்த இடம் மாறினால் மனிதன் மாறிவிடுவானா?

முன்னோர் காட்டிய வழி

1183ஆம் ஆண்டு, ஸ்பெயின் தேசத்து அறிஞர் இப்னு ஜுபைர் ஹஜ்ஜுப் பயணமாக எகிப்தின் இஸ்கந்தரிய்யா நகரில் வந்திறங்கினார். அங்கே சுல்தான் ஸலாஹுத்தீன், தொலைதூரத்திலிருந்து வரும் அன்னியருக்கெனத் தங்குமிடங்களும் குளியலறைகளும் அமைத்து, நோயுறுவோருக்கென மருத்துவமனையும் நிறுவி, மருத்துவரையும் நியமித்திருப்பதைக் கண்டு தம் பயண நூலில் பதிந்துள்ளார். மருத்துவமனைக்கு வரக் கூச்சப்படும் அன்னியரை அவர்கள் இருக்குமிடத்திற்கே சென்று விசாரித்து, மருத்துவரிடம் தெரிவிக்கவும் ஆட்கள் இருந்தனராம். நூறாண்டு கழித்து, 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய பெரிய மருத்துவமனையும் வக்ஃபு வருவாயால் நடந்து, உள்ளூரார் வெளியூரார், செல்வர் ஏழையர் என்ற வேறுபாடின்றி இயங்கியது.

இஸ்கந்தரிய்யாவின் ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்தது கட்டடம் அன்று, அந்தக் கூச்சத்தை அறிந்த உள்ளம். கதவைத் திறந்து வைத்ததோடு கடமை முடிந்ததென்று அவர்கள் எண்ணவில்லை. திருமறை நீதியை ஏவும் அதே மூச்சில் 'இஹ்ஸான்' எனும் நற்செயலையும் ஏவுவதன் நுட்பம் இதுவே. கதவு எல்லார்க்கும் ஒன்றாகத் திறந்திருப்பது சமம். ஆனால், பகற்கூலியை இழந்தால்தான் அக்கதவை அடைய முடியும் என்றால், அடைந்த பின்னும் 'மார்பு வலிக்கிறது' என்பதை எந்த மொழியில் சொல்வதென்று அறியாமல் திகைக்க வேண்டும் என்றால், அச்சமம் பாதி நீதியே. மீதியை நிறைவு செய்வது, எழுந்து அவனிடம் நடந்து செல்லும் கால்கள்.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம்மை நோக்கித் திரும்புவோம். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் 'பயணம்' என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் சவூதியிலும் குவைத்திலும் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கின்றனர். வளைகுடா செல்லுமுன் அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. நெஞ்சில் பழைய காசநோயின் தழும்பு தெரிந்தாலும் 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவர். கடன் வாங்கி விசாவுக்குக் கொடுத்த பணம் போயிற்றே என்று வீடே அழும். அப்பரிசோதனை அவன் நலத்திற்காக நடப்பதன்று, வேலைக்கு வாங்கும் கருவியில் பழுதுண்டா என்று பார்ப்பதே அது. அந்த அவமானத்தை நாம் அறிவோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் எழுந்த தீயில் 45 இந்தியர் மாண்டனர். அவர்களுள் எழுவர் தமிழகத்தார். அடுக்கடுக்காக ஆட்களை அடைத்து வைத்த கட்டடம் அது என்று கேட்டு நாம் கொதித்தோம். கொதித்தது நியாயமே. 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 தொழிலாளர் மாண்டனர். ஆந்திரத்திற்கும் ஒடிசாவிற்கும் உடல்கள் சென்றன. குவைத்திலிருந்து வந்த பெட்டிகளுக்காக அழுத கண்கள் மௌலிவாக்கத்திலிருந்து போன பெட்டிகளுக்காகவும் நனைந்தனவா என்பதை அவரவர் உள்ளத்தையே கேட்டுக்கொள்ளலாம். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவு பெறாது என்ற நபிமொழியை நாம் மேடைதோறும் ஓதுகிறோம்.

நாம் பயணிகளின் குடும்பத்தார் மட்டும் அல்லர், முதலாளிகளும் ஆவோம். பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் தொழிலிலும், நெடுஞ்சாலையோர உணவகங்களிலும், பிரியாணிக் கடைகளிலும் வடபுலத்துப் பிள்ளைகள் நம்மிடமே வேலை செய்கின்றனர். பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்திற்கு இ.எஸ்.ஐ. உண்டு. பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஏட்டில் ஒன்பது பெயர் எழுதுகிற முதலாளி, ரமளானில் ஜகாத் கொடுக்கும்போது மீதி ஆறு பேரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். உரிமையைப் பறித்துத் தர்மமாகத் திருப்பிக் கொடுப்பது தர்மமாகாது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. நம் மஹல்லாக்களில் உருது அறிந்தோர் பலர் உளர். அரசினர் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் வாரம் இருவர் முறை வைத்து, எம்மதத்தாராயினும் வடபுலத்து நோயாளருக்கு மொழி சொல்லி உதவலாம். ஜமாஅத் அலுவலகம் தொழிலாளர் துறைச் சான்றுக்கும் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பம் எழுதித் தரலாம். மருந்துண்ணும் ஆறு மாத காலம் ஒரு காசநோயாளருக்குத் தங்க ஓர் அறையும் இருவேளை உணவும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். ஒருவர் இறந்தால் ஊருக்குச் செய்தி சொல்லவும், அவரவர் முறைப்படி கண்ணியமாக அடக்கவோ அனுப்பவோ முன்னிற்கலாம். கடைக்காரர் தம் பணியாளரின் பெயர்களை முழுமையாக ஏட்டில் ஏற்றலாம். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை.

மாமல்லபுரத்திற்கு வடக்கே கோவளம் கடற்கரையில், அரபு நாட்டிலிருந்து கடல்வழியே வந்து இம்மண்ணில் அடக்கமானவர் என்று மக்கள் போற்றும் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா உள்ளது. முஸ்லிம்களும் பிற சமயத்தாரும் நோய் நீங்க வேண்டி அங்கே வருகின்றனர். ஓர் அன்னியரின் அடக்கத்தலத்திற்கு இத்தனை கண்ணியம் தரத் தெரிந்த கடற்கரை இது. அதே கடற்கரையில், கட்டி முடியாத விடுதியின் நிழலில், உயிரோடு கிடந்து இருமும் அன்னியனுக்கு அந்தக் கண்ணியத்தில் ஒரு பங்கு உண்டு. அது நாம் அவனுக்கு இடும் பிச்சை அன்று. 'வழியின் மகன்' என்று இறைவனே பெயரிட்டு எழுதி வைத்த பாகம்.

கொடுக்க வேண்டியவர் கையில் அது தங்கிவிடாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.